அடங்காப்பிடாரியும் ஐம்பது டாலரும்

ஒரு பெண்ணைப் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்து, வழிக்குக் கொண்டுவரும் கதையைப் பார்த்து நானூறு வருசத்துக்கும் மேலாகச் சனங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து பட்டினியை எடுத்துவிட்டால், தூக்கம் கெடுத்ததை எடுத்துவிட்டால், அப்புறம் நாம் நிம்மதியாகச் சிரிக்கலாமா? அவமானத்தின் மேல் கட்டப்பட்ட ஒரு கதையை அவமானம் இல்லாமல் திருத்தி எழுத முடியுமா? திருத்தி எழுதிவிட்டால் பழைய கணக்குத் தீர்ந்துவிடுமா?

இந்தக் கேள்விகளைப் பெரிய காவியங்களை வைத்துக் கேட்பதுதான் வழக்கம். நான் ஒரு சின்னப் படத்தை வைத்துக் கேட்கப் போகிறேன். 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ'. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் நகைச்சுவை. இயக்கியவர் கில் ஜங்கர். எழுதியவர்கள் காரென் மெக்கல்லா, கிர்ஸ்டன் ஸ்மித் என்கிற இரண்டு பெண்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தை அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குள் கொண்டுவந்து இறக்கிய படம். 'போயும் போயும் இதையா எழுத வேண்டும்?' என்று சில தோழர்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். சோகக் கதைக்கு முன்னால் மனுசன் கொஞ்சம் எச்சரிக்கையோடு உட்காருகிறான். சிரிக்கும்போது காவலைக் கழற்றி வைத்துவிடுகிறான். ஒரு சமூகம் எதை நியாயம் என்று நம்புகிறது என்பது அது அழும் இடத்தைவிடச் சிரிக்கும் இடத்தில்தான் அம்பலமாகிறது.

1

முதலில் பழைய பிரதி. 1590களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்கிறார்கள். 1623இல் வந்த பெருந்தொகுப்பில்தான் அச்சேறியது. பதுவா நகரத்துப் பணக்காரன் பாப்டிஸ்டாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் காதரீனா, வாயாடி, கோபக்காரி. இளையவள் பியாங்கா, அடக்கமானவள். மூத்தவள் போனால்தான் இளையவள் என்கிறான் அப்பன். பியாங்காவைச் சுற்றும் ஆண்களுக்கு, மூத்தவளைத் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆள் தேவை. வருகிறான் பெட்ரூக்கியோ. பணக்காரப் பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்ள வந்தேன் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். இருபதாயிரம் கிரவுன் சீதனம், அப்பன் செத்த பிறகு பாதி நிலம் என்று பேரம் முடிகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு நடப்பதுதான் நாடகத்தின் 'நகைச்சுவை'. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்து, சரியாகச் சமைக்கவில்லை என்று வீசி எறிகிறான். படுக்கை சரியில்லை என்று கலைத்துப்போட்டு இரவெல்லாம் விழிக்க வைக்கிறான். தையற்காரன் கொண்டுவந்த புது உடுப்பைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறான். எல்லாம் அவள்மேல் உள்ள அன்பினால் என்று சொல்லிக்கொண்டே செய்கிறான். வேட்டைப் பருந்தைப் பட்டினி போட்டுப் பழக்குவதுபோல இவளைப் பழக்குகிறேன் என்று பார்வையாளர்களிடமே விளக்குகிறான். கடைசியில் சூரியனைக் காட்டி நிலா என்கிறான். அவளும் நிலா என்கிறாள். அப்புறம் மூன்று கணவன்மார் பந்தயம் கட்டுகிறார்கள், யார் கூப்பிட்டால் மனைவி உடனே வருவாள் என்று. இருபது கிரவுன் என்றால் அது என் பருந்துக்கும் நாய்க்கும் கட்டுகிற தொகை, மனைவிக்கு அதைப்போல இருபது மடங்கு கட்டுவேன் என்கிறான் பெட்ரூக்கியோ. நூறு கிரவுனில் முடிகிறது. அவள் வருகிறாள். கணவனே பிரபு, கணவனே அரசன் என்று நாற்பது வரிக்கு மேல் பேசுகிறாள். அப்பன் மகிழ்ந்துபோய் இன்னொரு இருபதாயிரம் தருகிறான், இவள் வேறு பெண்ணாகிவிட்டாளே என்று.

அந்த 'ஷ்ரூ' என்கிற சொல்லுக்கு மூஞ்சூறு என்று பொருள். வாய் நீண்ட பெண்ணுக்கு ஆங்கிலேயன் வைத்த பேர். நம் மொழியில் அதே பெண்ணுக்கு அடங்காப்பிடாரி என்று பேர். பிடாரி நம் கிராமத்துத் தெய்வம். எந்தப் புருசனுக்கும் பக்கத்தில் ஒடுங்கி நிற்காமல் தனியாக உட்கார்ந்து பலி வாங்குகிறவள். அவன் ஊரில் கோபக்காரப் பெண்ணைப் பிராணியாக்கினார்கள். நம் ஊரில் ஒரு தெய்வத்தின் பேரையே வசையாக்கினார்கள். இரண்டிலும் சொல்லப்படாமல் நிற்கிற வினைச்சொல் ஒன்றுதான்: அடக்கு.

2

'அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைத்து அளக்கக் கூடாது' என்பார்கள். எந்தப் பழைய கொடுமையைப் பேசினாலும் நம் முகத்துக்கு எதிரே நீட்டப்படுகிற வாக்கியம் இது. இந்த நாடகத்தின் பார்வையாளர் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் நிற்காது.

ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தபோதே, 1611 வாக்கில், ஜான் ஃப்ளெச்சர் என்கிற நாடகாசிரியர் இதற்கு ஒரு பதில் நாடகம் எழுதினார். அதில் காதரீனா செத்துப்போகிறாள். பெட்ரூக்கியோ மரியா என்கிற பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டுகிறான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவனை வெளியே நிறுத்துகிறாள். ஊர்ப் பெண்கள் அவளோடு சேர்ந்துகொள்கிறார்கள். அடக்கியவன் அடக்கப்படுகிறான். ஷேக்ஸ்பியரே பிறகு இந்த ஃப்ளெச்சரோடு சேர்ந்து நாடகம் எழுதினார். 1633 நவம்பரில் இரண்டு நாடகங்களையும் அடுத்தடுத்து இங்கிலாந்து ராஜா ராணிக்கு முன்னால் நடித்துக் காட்டினார்கள். அரண்மனைக் கேளிக்கை அதிகாரி ஹென்றி ஹெர்பர்ட்டின் குறிப்பு கிடைத்திருக்கிறது. ஷேக்ஸ்பியருடையது பிடித்திருந்தது, ஃப்ளெச்சருடையது மிகவும் பிடித்திருந்தது என்பது அதன் சாரம்.

ஆக அந்தக் காலத்துச் சனங்களுக்கும் கண் இருந்தது. பட்டினி போட்டால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது. எதிர்க்கதை எழுதத் தெரிந்த ஆள் இருந்தார், அதை ரசித்த சபையும் இருந்தது. பிறகு எந்தக் கதையைப் பாடத்தில் வைப்பது, எதைத் தூசியில் போடுவது என்று தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள். 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லும்போது நாம் காப்பாற்றுவது அந்தத் தேர்வைச் செய்தவர்களை. 1897இல் பெர்னார்ட் ஷா கடைசிக் காட்சி அருவருப்பாக இருக்கிறது, பெண்களோடு உட்கார்ந்து பார்க்கிற யோக்கியமான ஆண் வெட்கப்படுவான் என்ற பொருள்பட எழுதினார். 1978இல் ஒரு மேடையேற்றத்தைப் பார்த்துவிட்டு மைக்கேல் பில்லிங்டன் என்கிற விமர்சகர் இதை மறுபடி மறுபடி நடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். கேள்வி பழசு. பதில்தான் தள்ளிப் போடப்பட்டுக்கொண்டே வந்தது.

தமிழ் சினிமா தள்ளிப் போடக்கூட இல்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டது. இந்த நாடகத்தைத் தழுவியது என்று சொல்லப்படும் 'அறிவாளி' 1963இல் வந்தது. பட்டணத்துப் படித்த பெண்ணைக் கிராமத்துக் கணவன் வழிக்குக் கொண்டுவரும் 'பட்டிக்காடா பட்டணமா' 1972இல் வந்து தேசிய விருதும் வாங்கியது. 1992இல் வந்த 'மன்னன்' படத்தில் ஆலையையே நிர்வகித்த பெண் கடைசியில் குடும்பத் தலைவியாக வீட்டுக்குள் போகிறாள், தியேட்டரே கைதட்டியது. பெட்ரூக்கியோவுக்கு நம் ஊரில் ரசிகர் மன்றமே உண்டு.

3

இந்தப் பின்னணியில்தான் 1999ஆம் வருசத்துப் படத்தைப் பார்க்க வேண்டும். சியாட்டில் நகரத்தில் நடக்கிற கதை. பக்கத்து டக்கோமாவில் கோட்டை மாதிரி இருக்கிற ஒரு நிஜப் பள்ளிக்கூடத்தில் எடுத்தார்கள். படத்தில் பள்ளிக்குப் பேர் பதுவா. அப்பா பிரசவ மருத்துவர். மகள்கள் கர்ப்பமாகிவிடுவார்களோ என்கிற பயம் அவரை ஆட்டிவைக்கிறது. மூத்தவள் கேட் யாரோடாவது வெளியே போனால்தான் இளையவள் பியாங்காவும் போகலாம் என்று சட்டம் போடுகிறார். கேட்டாக ஜூலியா ஸ்டைல்ஸ். அவளை வெளியே கூட்டிப்போகக் காசு வாங்குகிற பேட்ரிக்காக ஹீத் லெட்ஜர். 2008இல் இளம் வயதிலேயே இறந்துபோன நடிகர்.

எதையெல்லாம் மாற்றினார்கள் என்று பாருங்கள். பட்டினி இல்லை. தூக்கம் கெடுப்பது இல்லை. சூரியனை நிலா என்று சொல்ல வைப்பது இல்லை. அடிமைச் சாசனம் மாதிரியான கடைசிப் பேச்சுக்குப் பதில், வகுப்பில் எழுந்து நின்று கேட் தானே எழுதிய கவிதையைப் படிக்கிறாள், படிக்கும்போது அழுகிறாள். அவள் ஏன் கோபக்காரி என்பதற்கு நாடகம் காரணம் சொல்லாது. படம் சொல்கிறது. அம்மா விட்டுவிட்டுப் போன சமயத்தில், ஒன்பதாம் வகுப்பில், எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக ஜோயி என்கிற பணக்காரப் பையனோடு உறவு வைத்தாள். இனி எனக்கு இஷ்டமில்லை என்றாள். அவன் கழற்றிவிட்டான். அதற்குப் பிறகு 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பதற்காக எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தாள். அவளுடைய கோபம் நோய் இல்லை, தீர்மானம். இந்த ஒரு திருத்தத்துக்காகவே அந்த இரண்டு பெண் எழுத்தாளர்களுக்கும் மரியாதை செய்ய வேண்டும்.

எதை மாற்றவில்லை? அப்பனின் சட்டத்தை. பேரத்தை. பெண்ணுக்குத் தெரியாமல் பெண்மேல் கைமாறுகிற பணத்தை. கிரவுன் போய் டாலர் வந்தது. முதல் பேரம் ஐம்பது டாலரில் முடிகிறது.

4

இருபத்தைந்து வருசத்துக்கும் மேலாக இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

ஒன்று, 'இவள் எங்கள் ஆள்' என்கிறவர்கள். பதினைந்து பதினாறு வயதில் இதைப் பார்த்த எத்தனையோ பெண்களுக்குத் திரையில் கிடைத்த முதல் கோபக்காரி இவள். கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிற பெண் இல்லை. புத்தகம் படிக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், தூரத்துக் கல்லூரிக்குப் போக நினைக்கிறாள். கடைசியில் அப்பாவே அதற்குப் பணம் கட்டுகிறார்.

இரண்டு, 'இதுவும் அடக்குவதுதான், சர்க்கரை தடவி அடக்கினார்கள்' என்கிறவர்கள். கவிதையில் அவள் அழ வேண்டியிருக்கிறது. கடைசிக் காட்சியில், 'இதையெல்லாம் செய்துவிட்டால் போதுமென்று நினைக்காதே' என்று அவள் பேச ஆரம்பிக்கும்போதே அவன் முத்தம் கொடுத்து அந்தப் பேச்சை முடித்துவிடுகிறான். வாயை மூட வைப்பதற்கு முத்தமும் ஒரு வழி என்கிறார்கள்.

மூன்று, 'சும்மா சிரிச்சிட்டுப் போங்கப்பா, எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணாதீங்க' என்கிறவர்கள். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பன்னிரண்டு பேர் இதைச் சேர்ந்து பார்த்தபோதும் இந்த மூன்று குரலும் வந்தது. சண்டை பணத்தைப் பற்றித்தான் பெரிதானது. எம்.ஏ. படிக்கிற தம்பி ஒருத்தன், "காசு வாங்குனான் சரி, கடைசில உண்மையாத்தான நேசிச்சான்? அப்புறம் என்ன?" என்றான். செவிலியர் படிப்புப் படிக்கிற தங்கச்சி விடவில்லை. "காசு வாங்குனது கூடப் பரவால்லண்ணே. அவளுக்குத் தெரியாம வாங்குனான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. அவ சிரிச்சப்ப எல்லாம் அவன் பையில அந்தக் காசு இருந்துச்சுல்ல?" தையல் கம்பெனிக்குப் போகிற அக்கா ஒருவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைசில கிடார் வாங்கிக் குடுக்குறானே, அது யாரு காசு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை. அது ஜோயி கொடுத்த காசு. பேட்ரிக்கே அதைச் சொல்கிறான், அருமையான ஒரு பெண்ணை வெளியே கூட்டிப்போக எவனோ ஒருத்தன் கொடுத்த பணம் மிச்சமிருந்தது என்று. ஆக, அவளுக்கு வைத்த விலையையே அவளுக்குப் பரிசாகக் கொடுக்கிறான். இதைப் பரிகாரம் என்பதா, இன்னொரு அவமானம் என்பதா? அக்காவே பதிலும் சொன்னார்: "அந்தக் காசு வேற எங்க போனாலும் தப்புதான். அவகிட்ட வந்ததுதான் சரி. ஆனா அதுனால அவன் பண்ணது சரின்னு ஆயிடாது."

என் கருத்தும் இதுதான். காதல் பின்னால் உண்மையாகிவிட்டால் முன்னால் செய்த ஏமாற்று கழுவப்பட்டுவிடும் என்பது அதிகாரத்தில் இருக்கிறவன் கண்டுபிடித்த கணக்கு. நல்ல முடிவு கெட்ட தொடக்கத்தை விழுங்கிவிடும் என்று நம்ப வைத்தால்தான் அடுத்த தொடக்கத்தையும் அவன் நடத்த முடியும். இங்கே தவறு பணத்தில் மட்டும் இல்லை. ஒரு மனுசி தன் மனசைத் திறக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது, அந்தத் தீர்மானத்துக்குத் தேவையான உண்மை மற்ற எல்லோரிடமும் இருந்தது, அவளிடம் மட்டும் இல்லை. தெரியாமல் சொன்ன சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. அதைச் சரிசெய்ய ஒரே வழி, அவன் தானாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பள்ளி விருந்து நடனத்தில் ஜோயி வந்து அவன் முகத்துக்கு நேரே போட்டு உடைத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்பதும் மன்னிக்காததும் கேட்டின் உரிமை. அவள் மன்னித்துவிட்டாள் என்பதைக் காட்டி, 'அப்போ தப்பே நடக்கலை' என்று பார்வையாளன் தீர்ப்பெழுதக் கூடாது. மன்னிப்பு ஒரு தவறு நடந்ததற்கான சாட்சி.

5

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் பேட்ரிக்கைப் பற்றியே வழக்காடுகிறார்கள். இந்தத் திட்டத்தைப் போட்டது யார்? கேமரூன் என்கிற சாந்தமான, நல்ல பையன். கூடவே அவன் நண்பன் மைக்கேல். பியாங்காவை அடைவதற்காக, ஜோயியின் பணத்தை வைத்து, பேட்ரிக்கைக் கொண்டு கேட்டைத் தள்ளிவிட வேண்டும் என்பது இவர்கள் மூளை. பணம் போட்ட ஜோயிக்குப் பியாங்காவின் கையால் குத்து விழுகிறது. காசு வாங்கிய பேட்ரிக் கேட்டின் முன்னால் தலைகுனிகிறான். திட்டம் போட்ட கேமரூனுக்குப் பியாங்கா கிடைக்கிறாள். அவனிடம் படம் ஒரு கணக்கும் கேட்பதில்லை. பார்வையாளர்களும் கேட்பதில்லை.

ஏன்? அவன் முகம் அப்படி. மென்மையானவன், மரியாதையாகப் பேசுகிறவன், கையில் அழுக்குப் படாதவன். பேட்ரிக்கோ முரடன் என்று பேர் வாங்கினவன். ஜோயி அவனைக் குப்பத்தில் கிடக்கிறவன் என்ற தொனியில் ஏளனம் செய்துதான் பேரம் பேசுகிறான். வேலையைச் செய்கிற கைமேல் பழி, யோசனை சொன்ன தலைக்கு மாலை. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? மலம் அள்ளுகிறவன் அசிங்கமானவன், அள்ள வைக்கிறவன் சுத்தமானவன் என்று பழக்கப்பட்ட கண்களுக்கு கேமரூனின் குற்றம் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. நல்லவன் மாதிரி இருப்பது வேறு, கணக்குக்குப் பதில் சொல்வது வேறு.

6

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், மார்கன். கறுப்பர். டாரில் மிட்செல் நடித்திருக்கிறார். ஹெமிங்வேயைப் பாடமாக வைத்ததை எதிர்த்து கேட் கொதிக்கிறாள், பெண் எழுத்தாளர்களை ஏன் வைக்கவில்லை என்கிறாள். நியாயமான கேள்வி. அதற்கு மார்கன், புறநகரத்து உயர் நடுத்தர வர்க்க வாழ்க்கையின் ஒடுக்குமுறையை நீ எப்படித்தான் தாங்கினாயோ என்று குத்தலாகச் சொல்லிவிட்டு, அடுத்த முறை பள்ளி நிர்வாகத்தோடு சண்டை போடப் போகும்போது, ஒரு கறுப்பன் எழுதிய புத்தகத்தை வாங்க அவர்களால் ஏன் முடியவில்லை என்றும் கேட்டுக்கொண்டு வா என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. அவர் அவளை வெளியே அனுப்பிவிடுகிறார். இன்னொரு காட்சியில் இதே மார்கன் ஷேக்ஸ்பியரின் ஒரு கவிதையை ராப் தாளத்தில் அடித்துச் சொல்கிறார்.

படத்தில் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசப்பட்ட கனமான வாக்கியம் மார்கனுடையது. அதை நகைச்சுவைத் துணுக்காக வைத்துவிட்டுப் படம் நகர்ந்துவிட்டது. அவருக்கு வீடு இல்லை, கதை இல்லை. அவர் கேட்ட புத்தகம் கடைசிவரை வரவே இல்லை. ரசிகர்கள் மைதானத்தில் பேட்ரிக் பாடுகிற பாட்டை நினைவு வைத்திருக்கிறார்கள், கவிதையை நினைவு வைத்திருக்கிறார்கள். மார்கன் கேட்டதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

இங்கே அவசரப்படக் கூடாது. 'பாத்தீங்களா, வெள்ளைக்காரப் பணக்காரப் பொண்ணுக்கு என்ன கஷ்டம்' என்று மார்கனை வைத்து கேட்டை அடிப்பது சுலபம். படம் நம்மைச் சிரிக்க வைப்பதும் அதற்காகத்தான். ஹெமிங்வே ஏன் என்று கேட்ட பெண்ணும், கறுப்பரின் புத்தகம் எங்கே என்று கேட்ட ஆசிரியரும் ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள். அவர்கள் சேர்ந்து தட்டியிருந்தால் பள்ளி நிர்வாகம் சங்கடப்பட்டிருக்கும். படம் அவர்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து சிரிப்பு உண்டாக்குகிறது. எந்த வலி பெரியது என்று ஒடுக்கப்பட்டவர்களை வரிசையில் நிற்கவைத்து அளக்கிற விளையாட்டு இது. அளவுகோல் எப்போதும் மூன்றாவது ஆள் கையில் இருக்கும்.

ஆனால் கோபத்துக்கு ஆளுக்கொரு விலை இருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. கேட் வகுப்பில் கத்தினால் ஆலோசகர் அறைக்கு அனுப்புகிறார்கள். அந்த அம்மாள் காதல் நாவல் எழுதிக்கொண்டு பாதிக் காதோடு கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறாள். அவள் கோபத்தை ஒரு வீடும் ஒரு கல்லூரியும் ஏந்திக்கொள்ளக் காத்திருக்கின்றன. அதனால்தான் அது திரையில் அழகாக இருக்கிறது. ஏந்திக்கொள்ள யாருமில்லாதவர்களின் கோபத்துக்கு நம் ஊரில் வேறு பேர். செருப்புப் போட்டு நடந்தால் திமிர். கூலி கேட்டால் திமிர். எங்கள் தெருப் பொம்பளை ஊர்க் குழாயடியில் பதில் பேசினால் ரெட்டைத் திமிர். அடக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் 'திமிர்' என்கிற சொல் பிறக்கிறது. காதரீனாவுக்கும் அப்படித்தான் பேர் வைத்தார்கள்.

7

கடைசியாக, படம் முழுசாகத் தூக்கி எறிந்துவிட்ட ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூல நாடகம் பதுவாவில் தொடங்குவதில்லை. இங்கிலாந்தில் ஒரு சாராயக் கடை வாசலில் தொடங்குகிறது. கிறிஸ்டபர் ஸ்லை என்கிற ஏழை, பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பிழைக்கிறவன், குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான். வேட்டையிலிருந்து திரும்புகிற பிரபு ஒருவன் அவனைப் பார்த்து, இவன் பன்றி மாதிரி கிடக்கிறான், இவனை வைத்துக் கொஞ்சம் விளையாடலாம் என்கிறான். தூக்கிக்கொண்டு போய்ப் பட்டுமெத்தையில் போட்டு, எழுந்ததும் 'பிரபுவே' என்று கும்பிட்டு, நீங்கள் பதினைந்து வருசமாகப் புத்தி பேதலித்துக் கிடந்தீர்கள் என்று நம்ப வைக்கிறார்கள். ஒரு வேலைக்காரப் பையனுக்குச் சேலை கட்டி, இவள்தான் உங்கள் மனைவி என்கிறார்கள். அப்புறம் அவன் பொழுதுபோக ஒரு நாடகம் போடுகிறார்கள். அந்த நாடகம்தான் காதரீனா அடக்கப்படும் கதை.

அதாவது, இந்தக் கதையின் முதல் பார்வையாளன் ஒரு ஏழை. சாதாரணப் பார்வையாளனும் இல்லை. தானே ஒரு கேலிப்பொருள் என்று தெரியாமல் இன்னொருத்தியின் கேலியைப் பார்த்துக்கொண்டிருப்பவன். 1623ஆம் வருசப் பிரதியில் முதல் அங்கத்தில் கொஞ்சம் பேசிவிட்டு அவன் காணாமல் போகிறான். நாடகம் அவனைத் தேடுவதே இல்லை. ஆனால் 1594இல் அச்சான, பேர் தெரியாத ஒருவரின் பேரில் நிற்கிற இன்னொரு பிரதி இருக்கிறது. ஏறத்தாழ அதே கதை. அதில் ஸ்லை முடிவில் மறுபடி வருகிறான். பழைய துணியோடு பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். கடைக்காரன் எழுப்புகிறான்: வீட்டுக்குப் போ, ராத்திரியெல்லாம் வெளியே கிடந்ததுக்குப் பொண்டாட்டி திட்டப் போகிறாள். ஸ்லை சொல்கிறான், அருமையான கனவு ஒன்று கண்டேன், வாயாடியை எப்படி அடக்குவது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, போய் என் பொண்டாட்டியை அடக்கப் போகிறேன் என்று.

தோழர்களே, இந்த நாடகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த பார்வையாளர் கருத்துகளில் இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறு இல்லை. பிரபு அவனை ஒரு ராத்திரி முழுக்கப் பொம்மையாக்கி விளையாடினான். அவன் மேல் கோபப்பட ஸ்லைக்குத் தோன்றவில்லை; அப்படி ஒன்று நடந்தது என்றே அவனுக்குத் தெரியாது. அவன் கற்றுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போனது ஒன்றே ஒன்றைத்தான், தன்னைவிடக் கீழே இருக்கிற ஒருத்தியை எப்படி அடக்குவது என்பதை. மேலே இருக்கிறவன் கலை கீழே இருக்கிறவனுக்குக் கொடுக்கிற சம்பளம் இது. அவமானத்துக்குப் பதிலாக அவமானப்படுத்தும் வித்தை.

நாம் இதைக் கதையில் மட்டும் பார்த்ததில்லை. ஊர்வலத்தில் ஆண்டைக்கு எதிராகக் கோசம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, 'என்னடி திமிரா?' என்று கேட்கிற குரல் நம் தெருவிலும் இருக்கிறது. நமக்கு வைத்த சொல்லையே எடுத்து நம் பெண்களுக்கு வைக்கிறோம். 'மன்னன்' பார்த்துக் கைதட்டியதில் நம் கைகளும் இருந்தன. ஸ்லையைப் படத்திலிருந்து நீக்கிவிட்டதால் அந்தக் கேள்வி அமெரிக்கப் பார்வையாளனுக்கு வராமல் போயிருக்கலாம். நமக்கு வராமல் போகக் கூடாது.

ஆகவே, சிரிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், சிரிக்கலாம். கேட் என்கிற பெண்ணை எழுதியவர்கள் பழைய பிரதியிலிருந்து ஒரு மனுசியை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அது சின்ன வேலை இல்லை. ஆனால் திருத்தப்பட்ட கதை தீர்க்கப்பட்ட வழக்கு ஆகாது. சிரித்து முடித்ததும் சில கேள்விகளைக் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். காசு யாருடையது? உண்மை யாருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது? திட்டம் போட்டவன் எங்கே போனான்? யாருடைய கேள்வி துணுக்காகக் கரைந்தது? கதைக்கு வெளியே யாரைத் தூக்கிப் போட்டார்கள்?

இதோடு ஆண் தோழர்களுக்கு மட்டும் இன்னொன்று. பார்த்துவிட்டு வீட்டுக்கு என்ன எடுத்துக்கொண்டு போகிறோம்? அதை நாம் சொல்லக் கூடாது. வீட்டில் இருக்கிற பெண்களைச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும்.